கேட்டலும் கேட்பித்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கவிஞர்கள் நிறைந்த அவையில் வானொலிப் பாடல்களின் தரவரிசையைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் பாடலும் கவிதையும் ஒரே குடியில் பிறந்தவை. தாம் எழுதிய சொல் எத்தனை செவிகளைச் சென்றடைந்தது என்னும் கணக்கு, எழுதுவோர் எவரையும் ஏதேனும் ஒரு நாளில் தீண்டாமல் விடுவதில்லை. அக்கணக்கை மிக விரிவாகவும் மிக நீண்ட காலமாகவும் போட்டுப் பார்த்துவருவது அமெரிக்க ஐக்கிய நாட்டின் வானொலித் துறை. அங்குக் கணக்கு எவ்வாறு போடப்பட்டது, எவ்வாறு பிழைத்தது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை அறிதல் எழுதுவோர்க்குப் பயன் தரும்.

தமிழ் இலக்கணம் வினையைத் தன்வினை, பிறவினை எனப் பகுத்துக் காட்டும். கேட்டல் தன்வினை, கேட்பித்தல் பிறவினை. இசைத்தட்டைக் கடையில் விலை கொடுத்து வாங்கிச் சுழலவிடுபவர் ஒரு பாடலைக் கேட்கிறார். வானொலி நிலையமோ அப்பாடலைக் கேட்பிக்கிறது. விற்பனைப் பட்டியல் முன்னதை அளப்பது; ஒலிபரப்புப் பட்டியல் பின்னதை அளப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போதுதான் ‘முதலிடம்’ என்னும் சொல் மயக்கம் தருகிறது.

சொல்லப்படாத கணக்கு

1935ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலியில் ‘யுவர் ஹிட் பரேட்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. நாட்டில் அவ்வாரம் சிறந்து விளங்கிய பாடல்கள் இவை என வாரந்தோறும் அறிவித்து, நிகழ்ச்சியின் கலைஞர்களைக் கொண்டே அவற்றைப் பாடச் செய்தனர். இசைக் குறிப்புத் தாள்களின் விற்பனை, இசைத்தட்டு விற்பனை, வானொலியில் பாடப்பட்ட அளவு முதலியவற்றைக் கொண்டு வரிசை அமைவதாகக் கூறப்பட்டது. எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது மட்டும் வெளியிடப்படவில்லை. நிகழ்ச்சிக்குப் பொருள் தந்தது ‘லக்கி ஸ்டிரைக்’ என்னும் சிகரெட்டின் நிறுவனம். மக்கள் விருப்பத்தின் பெயரால் அறிவிக்கப்பட்ட முதல் பெரிய வானொலி வரிசை, தன் கணக்கை மக்களுக்குக் காட்டாத வரிசையாகவே இருந்தது.

‘பில்போர்டு’ இதழ் 1940இல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை நாடு தழுவிய அளவில் வெளியிடத் தொடங்கியது. பின்னர் மூன்று அளவைகளைத் தனித்தனியே வைத்திருந்தது: கடைகளில் மிகுதியாக விற்றவை, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் மிகுதியாக ஒலித்தவை, வானொலி அறிவிப்பாளர்கள் மிகுதியாக ஒலிபரப்பியவை. முன்னிரண்டும் தன்வினை; மூன்றாவது பிறவினை. 1958 ஆகஸ்டு 4ஆம் நாள் இதழில் ‘ஹாட் 100’ என்னும் பட்டியல் தோன்றியபோது விற்பனையும் ஒலிபரப்பும் ஒரே எண்ணுக்குள் கலந்தன. கேட்டது எவ்வளவு, கேட்பிக்கப்பட்டது எவ்வளவு என்பதை அவ்வொரே எண்ணைக் கொண்டு பிரித்தறிதல் அரிதாயிற்று.

கையூட்டும் சட்டமும்

கேட்பிக்கும் ஆற்றல் ஒருவர் கையில் இருக்குமானால் அக்கையை நாடிப் பணம் வருதல் இயல்பு. பாடலை ஒலிபரப்புவதற்கு மறைவாகத் தரப்படும் கையூட்டுக்கு அமெரிக்க இசையுலகம் ‘பேயோலா’ என்று பெயரிட்டது. 1959, 1960ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று இதனை வெளிப்படையாக விசாரித்தது. ராக் அண்டு ரோல் இசையை வானொலி வழியே இளைஞரிடம் பரப்பிய ஆலன் ஃபிரீட் 1959இல் பணி இழந்தார், 1962இல் கையூட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் தண்டம் பெற்றார், 1965இல் மறைந்தார்.

1960இல் திருத்தப்பட்ட சட்டத்தின் நுட்பம் கருதத்தக்கது. பணம் பெற்று ஒலிபரப்புவதை அச்சட்டம் முற்றாகத் தடுக்கவில்லை. பணம் பெற்ற செய்தியைக் கேட்போருக்கு அறிவிக்காமல் மறைத்தலையே குற்றமாக்கியது. யார் கேட்பிக்கின்றனர் என்பதை அறியும் உரிமை கேட்பவர்க்கு உண்டு என்பதே அதன் உட்கருத்து. இத்தகைய மறைப்பு அத்துடன் ஒழிந்ததும் இல்லை. 2005இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் விசாரணைக்குப் பின் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் 1 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது.

இயந்திரம் கேட்கத் தொடங்கியபோது

நெடுங்காலம் ஒலிபரப்புப் பட்டியல் நிலையங்களின் வாய்மொழியை நம்பியே அமைந்தது. இவ்வாரம் எப்பாடலை எந்த அளவில் ஒலிபரப்பினோம் என நிலையத்தார் சொல்வதே சான்று. பட்டியலில் மட்டும் இடம்பெற்று, காற்றில் ஏறாத பாடல்களும் உண்டு. அவற்றைத் ‘தாளில் சேர்த்தவை’ என்று அத்துறையினரே குறிப்பிட்டனர்.

இந்நிலையை மாற்றியது பி.டி.எஸ். எனச் சுருக்கமாக வழங்கிய கண்காணிப்பு முறை. ஒவ்வொரு பாடலின் ஒலி வடிவமும் கைரேகைபோல் கணிப்பொறியில் பதியப்படும். வானொலி நிலையங்களின் ஒலிபரப்பை இயந்திரம் இரவும் பகலும் கேட்டு, பதிவோடு ஒப்பிட்டு, எப்பாடல் எப்போது ஒலித்தது எனக் குறித்துவிடும். 1990 ஜனவரியில் ‘கன்ட்ரி’ எனப்படும் அந்நாட்டு ஊர்ப்புற மரபிசைக்கான பட்டியலும், 1991 நவம்பர் 30ஆம் நாளிட்ட இதழில் ‘ஹாட் 100’ பட்டியலும் இம்முறைக்கு மாறின.

கன்ட்ரி பட்டியலில் விளைந்த மாற்றம் பெரிது. 1980களில் அப்பட்டியலில் ஏறத்தாழ வாரத்திற்கு ஒரு புதிய பாடல் முதலிடம் பெற்றுவந்தது. முடி ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு முறைவைத்து மாறுவதுபோல அது நிகழ்ந்தது. இயந்திரம் எண்ணத் தொடங்கியதும் ஒரே பாடல் பல வாரங்கள் முதலிடத்தில் நிலைத்தல் இயல்பாயிற்று. பாடல்களின் சுவை ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. கேட்போரின் மனமும் மாறிவிடவில்லை. மாறியது அளவுகோல் ஒன்றே. பத்தாண்டுக் காலம் ‘மக்கள் விருப்பம்’ என்று எண்ணப்பட்டதில் ஒரு பெரும்பகுதி, அறிக்கை எழுதிய முறையின் விளைவு என்பது அப்போது புலனாயிற்று.

செவிகளின் நிறை

துல்லியமாக எண்ணினாலும் எதனை எண்ணுவது என்னும் வினா எஞ்சி நிற்கும். ஒலித்த முறைகளை மட்டும் எண்ணும் பட்டியல்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் கேட்டிருப்பர் என மதிப்பிட்டுக் கூட்டும் பட்டியல்களும் உண்டு. சிற்றூர் நிலையம் ஒன்றைப் பின்னிரவில் 200 பேர் கேட்பதாகக் கொள்வோம். அந்நேரத்தில் ஒரு பாடல் 50 முறை ஒலித்தால் கூடும் தொகை 10,000. பெருநகர நிலையம் ஒன்றைக் காலையில் பணிக்குச் செல்லும் வேளையில் 40,000 பேர் கேட்பதாகக் கொண்டால், ஒரே ஒரு முறை ஒலித்த பாடல் அதனைப்போல் நான்கு மடங்கு பெறும். முறைகளை எண்ணினால் முதற்பாடல் வெல்லும். செவிகளை எண்ணினால் இரண்டாவது வெல்லும். இரண்டு கணக்கும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

விதிகளும் வரிசையை ஆக்குகின்றன. 1998 டிசம்பர் வரை, தனி இசைத்தட்டாகக் கடைக்கு வராத பாடல் ‘ஹாட் 100’இல் இடம்பெற இயலாது. ‘நோ டவுட்’ குழுவினரின் ‘டோன்ட் ஸ்பீக்’ ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தும் ‘ஹாட் 100’இல் ஒரு வாரமும் இடம்பெறாமற்போனது இதனால்தான். நாடெங்கும் ஒலித்த பாடல் நாட்டின் முதன்மைப் பட்டியலில் இல்லை. பட்டியலில் சில வாரங்கள் இருந்து இறங்கத் தொடங்கிய பாடலைப் பழையதெனக் கருதி நீக்கும் விதியும் பல பட்டியல்களில் உண்டு. அதன் பின்னரும் அப்பாடல் நிலையங்களில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கும். பட்டியல் புதுமையை அளக்க எழுந்தது. நிலைபேற்றை அளப்பது அதன் வேலையன்று.

கொழும்பிலிருந்து ஒரு வரிசை

வானொலி வரிசை எப்போதும் கேட்பித்தலையே அளக்கவேண்டும் என்பதில்லை. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்புத் துறையின் பொறுப்பை ஏற்ற பி.வி. கேஸ்கரின் காலத்தில், அனைத்திந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. அதே ஆண்டில் கொழும்பிலிருந்து ஒலித்த ரேடியோ சிலோன் இந்தித் திரைப்பாடல்களுக்கான ‘பினாகா கீத்மாலா’வைத் தொடங்கியது. அமீன் சயானி அதன் குரலானார். தொடக்கத்தில் வரிசையெண் இன்றிப் பாடல்களை ஒலிபரப்பி, கேட்போரையே வரிசைப்படுத்தி எழுதச் செய்தனர். மடல்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பின்னர்க் கடைகளின் விற்பனை விவரமும் நேயர் மன்றங்களின் கருத்தும் வரிசைக்கு அடிப்படையாயின. இங்கும் பொருள் தந்தது ஒரு பற்பசை. ஆயினும் அடிப்படை கேட்டவர் விருப்பம். அரசு வானொலி கேட்பிக்க மறுத்ததை மக்கள் அயல்நாட்டு அலைவரிசையைத் தேடிச் சென்று கேட்டனர். 1957இல் அனைத்திந்திய வானொலி ‘விவித பாரதி’யைத் தொடங்கியதற்கு அத்தேடலும் ஒரு காரணம்.

இன்று இணைய வழியே பாடலைத் தெரிந்தெடுத்துக் கேட்பதும் கணக்கில் சேர்கிறது. தன்வினை மீண்டுவிட்டது எனத் தோன்றும். ஆனால் ஒரு பாடல் முடிந்ததும் அடுத்தது தானே ஒலிக்கத் தொடங்கும்போது, கேட்பிக்கும் கை மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது.

எழுதுவோர்க்கு

எண்ணிக்கையை இகழ்தல் எளிது, நேர்மையன்று. அமெரிக்க வானொலி நிலையங்கள் பாடல் எழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் உரிமத்தொகை செலுத்துகின்றன. வழக்கமான வானொலி ஒலிபரப்புக்காக, இசைத்தட்டில் பாடியவர்க்கு அந்நாட்டுச் சட்டப்படி எதுவும் இல்லை. ஆகவே ஒலிபரப்பு சரியாக எண்ணப்படுதல் பாடலாசிரியரின் உலையில் ஏறும் அரிசியோடு தொடர்புடையது. எண்ணாமல் விடப்பட்ட பாடலுக்கு இசையுலகில் இடம் மட்டுமன்றிக் கூலியும் இல்லாமற்போகும். எண்ணுதல் வேண்டும், எண்ணுவது இன்னது என்பதும் தெரிதல் வேண்டும்.

சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோரும் ஓர் அளவுகோல் வைத்திருந்தனர். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகியவை அடியளவால் பிரிக்கப்பட்டவை. அவ்வளவுகோல் பாடலின் நீளத்தைச் சொல்லுமேயன்றி உயர்வு தாழ்வைச் சொல்லாது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்று இரு பெயர்களையும் மரபு காத்துவைத்துள்ளது. தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனியே பெயர் சொல்லப்பட்டது. வானொலியில் 1960இல் சட்டம் வேண்டிநின்ற வெளிப்படைத்தன்மையும் இதுவே.

பத்தாண்டுகளாகப் பாடலைக் கூடியிருந்து கேட்கும் வட்டம் இது. விருது, தொகுப்பு, பாடநூல், சிறந்த பத்துக் கவிதைகள் என இனிவரும் பட்டியல்கள் பல. அவற்றில் பெயர் இருப்பினும் இல்லாதிருப்பினும், கவிஞர் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: இப்பட்டியல் எதனை எண்ணியது? கேட்பித்தவர் யார்? இவ்விரண்டிற்கும் விடை கிடைத்த பின்னரே, பட்டியலில் உள்ள எண் மகிழ்வதற்கோ வருந்துவதற்கோ உரியதாகும்.