போனவர்களும் இருப்பவர்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். வெற்றிக் கதை சொல்வதா, உள்ளதைச் சொல்வதா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. உள்ளதையே சொல்கிறோம்.

2022ஆம் ஆண்டு இறுதியில் நாங்கள் நால்வரும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டோம். ஒரு வைத்தியர், ஒரு கணித ஆசிரியர், ஆறு வயது மகள், இரண்டு வயது மகன். பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தை இந்தச் சபைக்கு விளக்கத் தேவையில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்து “மருந்து இல்லை” என்று சொன்ன நாட்கள் அவை. ஆனாலும் எங்களோடு வேலை செய்த பலர் இன்னும் அதே வார்டுகளில்தான் நிற்கிறார்கள். இலவசக் கல்வியில் படித்து, மக்கள் பணத்தில் வைத்தியரான பிறகு நாங்கள் போனோம். அந்தக் கணக்கு எங்கள் மனதில் இன்னும் தீரவில்லை.

விசாவுக்குக் காசநோய் இல்லை என்ற சான்றிதழ் கேட்டார்கள். கொழும்பில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தபோது மண்டபம் முகாம் நினைவுக்கு வந்தது. தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரை அங்கே தடுத்து வைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். அதற்கும் முந்திய கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே வந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல்தான். இப்படி வந்தவர்களின் பிள்ளைகளை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தின் கீழ் எங்கள் பெரியப்பா குடும்பம் கோத்தகிரிக்குப் போனது. அவர்களை அனுப்பினார்கள், நாங்கள் விரும்பிப் போனோம். அது சின்ன வித்தியாசமல்ல என்று பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறோம்.

போன இடத்தில் முதல் குளிர்காலம் கடுமையானது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். உயர்தர வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் இரவு முழுவதும் ஒரு கடையில் தட்டுகளில் சாமான் அடுக்கினார். வீட்டுக்கு வந்து மகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பார். ஒரு நாளும் முறையிட்டதில்லை. அந்த மௌனம்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

புதிதாகப் போகும் தங்கைகளுக்கு ஒரு வைத்தியக் குறிப்பு. நம்முடைய நிறத் தோல் அங்குள்ள மெல்லிய வெயிலில் போதிய விற்றமின் டி செய்யாது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தினமும் 10 மைக்ரோகிராம் கொடுக்கும்படி அந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்கிறது. கருமை நிறத் தோலுள்ள பெரியவர்களும் வருடம் முழுவதும் அதை எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும். உடம்பு வலியைக் “குளிர்தானே” என்று விட்டுவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளையைப் பார்க்க அங்கே சுகாதாரத் தாதி வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு அது புதுமையாக இல்லை. லயத்துப் படியேறி வந்து குழந்தையை நிறுத்துப் பார்க்கும் நம் மிட்வைஃப் அம்மாவின் வேலைதானே அது! 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் அருமை வெளியே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். மகன் பாலர் பாடசாலையில் வாயே திறக்கவில்லை. “வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்” என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகாது என்று எங்களுக்குத் தெரியும். வேறொரு தாய் வந்து கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்போம். ஆனால் சொந்தப் பிள்ளை என்றதும் பயந்துவிட்டோம். ஏழு மாதம் வீட்டில் தமிழை நிறுத்தினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் மகன் அம்மாயியிடம் ஏதோ ஒரு கதையை ஆசையாகச் சொன்னான், முழுவதும் ஆங்கிலத்தில். அம்மாயி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கடைசியில், “பிள்ள என்னமா சொல்லுது?” என்று கேட்டார். அன்றிரவே மீண்டும் தமிழுக்குத் திரும்பினோம். இப்போது மகன் இரண்டும் பேசுகிறான். தமிழில் நிறையத் தப்பு விடுவான். நாங்கள் திருத்துவதில்லை, அம்மாயிக்கு விளங்கினால் போதும்.

ஆனால் அம்மாயியின் காரியம் அதோடு முடியவில்லை. போன வருடம் அவர் குளியலறையில் விழுந்தார். எங்களுக்குத் தெரிந்தது மூன்று நாள் கழித்து. “நீங்க அங்கிருந்து என்ன செய்யப் போறீங்க?” என்று சொல்லாமல் விட்டாராம். பகல் முழுவதும் பிறர் பெற்றோரின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறோம். எங்கள் தாய்க்கு மாதக் கிளினிக்கில் துணை நிற்பவர் இந்தப் பாடசாலையில் எங்களோடு ஒரே வாங்கில் இருந்த தோழி. நாங்கள் கேட்டு அவர் செய்யவில்லை. அவராகவே செய்கிறார்.

அவரைப் பார்த்துத்தான் இந்த வேண்டுகோள். இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் நகரிலும் தனியே இருக்கும் பழைய மாணவிகளின் பெற்றோரைச் சங்கம் ஒரு பட்டியல் எடுக்கட்டும். இங்கிருக்கும் சகோதரிகள் மாதம் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். வாகனச் செலவும் மருந்துச் செலவும் வெளியே போனவர்களுடையதாகட்டும். வட்ஸ்அப் வழியே மருந்துச் சீட்டுகளைப் பார்த்து விளக்கம் சொல்ல, போன வைத்தியர்கள் முறைவைத்து இருப்போம். எங்கள் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

இதனால் கடன் தீர்ந்துவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தீர்க்கத் தொடங்கலாம்.