இருபது ஆட்டம் பொறுங்கள்

(நமது மாலை நேரக் கல்வி மையத்தின் சதுரங்கப் போட்டிப் பரிசளிப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சதுரங்கம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிவேன். பந்தயம் கூடாது, பாங்கு சொன்னால் பலகையை மூடிவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் இங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

இன்று பரிசு பெறாத ஒரு மாணவனைப் பற்றியே பேச விரும்புகிறேன். சென்ற ஆண்டு முதல் பரிசு வாங்கியவன் அவன். இந்த ஆண்டு 'கேரோ-கான்' என்ற புதிய ஓபனிங்கைப் பழகத் தொடங்கி, தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றான். வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். "பாய், ஜெயிச்சிக்கிட்டிருந்த பிள்ளையைக் கெடுத்துட்டீங்களே" என்று அவனுடைய அத்தா வருத்தப்பட்டார்.

வீட்டுக்குப் போய், அவன் எழுதி வைத்திருந்த ஏழு ஆட்டங்களையும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். பத்து நகர்த்தல்களை மனனம் செய்திருந்தான். ஆனால் காரணம் தெரியவில்லை. கறுப்புக் காய்களுக்கான இந்த ஓபனிங்கில் முதலில் சி6, அடுத்து டி5 என்று சிப்பாய்களை நகர்த்துகிறோம். ராணிப் பக்கத்து பிஷப் வெளியே வர வழி வைத்துக்கொள்வதே இதன் முக்கிய நோக்கம். எதிராளி நாலாவது நகர்த்தலில் வேறு மாதிரி ஆடியதும், இவன் பதறி ஈ6-இல் சிப்பாயை வைத்து அந்த வழியை அடைத்துவிட்டான். கதவைச் சாத்திவிட்டு ஆளை வா என்றால் எப்படி வருவார்?

மதரஸாவில் நானும் அப்படித்தான். ஸர்ஃப் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். உஸ்தாது கிதாபில் ஒரு சொல்லைக் காட்டி, இதன் மூலம் எது என்றால் விழிப்பேன்.

அப்பாஸியர் காலத்து பக்தாதில், அஸ்ஸூலி போன்ற வல்லுநர்கள் ஆட்டத்தின் தொடக்க அமைப்பைத் 'தஃபியா' என்றார்கள். போருக்குப் படையை அணிவகுப்பது என்று பொருள். அந்த அரபுச் சொல்லை உலகச் சதுரங்க வீரர்கள் இன்றும் வழங்குகிறார்கள். எந்த வீரன் எதற்காக எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தானே அது அணிவகுப்பு?

ஆகவே மாணவர்களே, முதல் ஐந்தாறு நகர்த்தல்களுக்குக் காரணம் கேளுங்கள். அந்த ஓபனிங்கில் பெரிய வீரர்கள் ஆடிய இரண்டு மூன்று ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி, எங்கே வழி தவறியது என்று குறியுங்கள். இருபது ஆட்டம் முடியும்வரை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அந்த மாணவன் திரும்பி வந்தான். இன்று நாலாம் இடம். ஆனால் கடைசி ஆட்டத்தில் அவனுடைய பிஷப் உரிய நேரத்தில் வெளியே வந்தது, நான் பார்த்தேன்.

பெற்றோர்களே, புதிய பாடத்துக்கோ புதிய பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்கும் முதலில் மதிப்பெண் குறையத்தான் செய்யும். "ஜெயிச்சியா?" என்று கேட்குமுன் "இன்னைக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேளுங்கள். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.