கைக்குழந்தையோடு சிறைக்குப் போன தாய்மார்



குடும்பத்துக்கு ஒரு சங்கடம் வந்தால், "நீ சும்மா இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெண்களிடம் சொல்வது வழக்கம். அடிமைத்தனத்தை எதிர்த்த நல்லவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். 1840-இல் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடியது. அமெரிக்காவிலிருந்து பிரதிநிதிகளாக வந்த பெண்களைச் சபையில் சேர்க்காமல் பார்வையாளர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தாமதமாக வந்து சேர்ந்த அமெரிக்கத் தலைவர் கேரிசன், தாமும் அந்தப் பெண்களோடு போய் அமர்ந்தார்.

அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது வந்ததுதான் சஞ்சிக்கூலி முறை. மலாயாவில் அது 1910-இல் நின்றது. தென்னாப்பிரிக்காவிலோ, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விழுந்தது. 13 வயதைத் தாண்டிய பெண்பிள்ளைக்கும் அதே வரி. கட்ட வழியில்லாதவர் மறுபடியும் கைநாட்டு வைக்க வேண்டியதுதான்.

அங்கே காந்தியடிகள் அறப்போர் நடத்தினார். முந்தைய போராட்டங்களிலேயே, கணவரைப் போலத் தாங்களும் சிறை செல்லப் பெண்கள் முன்வந்தார்கள். அந்நிய மண்ணில் அது தகாது என்று தலைவர்கள் இசையவில்லை. 1913-இல், கிறிஸ்துவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். அதன் பிறகு பெண்களைத் தடுக்க நியாயம் ஏது?

டால்ஸ்டாய் பண்ணையில் முன்பு வாழ்ந்த 11 பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேரிடம் கைக்குழந்தை. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் தலைவரியின் கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

தில்லையாடி வள்ளியம்மையும் சிறை சென்றாள். கடுங்காய்ச்சலோடு வெளியே வந்தாள். வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்றாள். 1914 பிப்ரவரி 22-இல், 16 வயதில் கண் மூடினாள். அவ்வாண்டே தலைவரி ஒழிந்தது.

நம் கிள்ளானில் 1941-இல் தோட்ட வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு, தோட்டத்துப் பெண்களிடம் மேலிடத்தார் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பாட்டிமார் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்திருக்கும்?

பள்ளிக் கூட்டத்துக்கு வரும் தாய்மார் பலர் வாசற்படியோடு நிற்பதை நான் பார்க்கிறேன். உள்ளே வந்து உட்காருங்கள். ஒப்பாததை ஒப்பவில்லை என்று சொல்லுங்கள். அதனால் கூட்டம் உடையாது; நியாயம்தான் தெளிவாகும்.