கனஷி



இன்றைய ஜப்பானியரிடம் ‘கனஷீ’ என்றால் துயரம் என்றே பொருள் கொள்வர். அதன் பழைய வடிவமாகிய ‘கனஷி’யோ துயரோடு, நெஞ்சை நோகச் செய்யும் அளவுக்கு அன்புக்குரியதையும் குறித்து வந்தது.

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘மன்யோஷூ’ 20 தொகுதிகளும் ஏறத்தாழ 4500 பாடல்களும் கொண்டது. அக்காலத்தே கிழக்கு நாட்டு எளிய மக்களை மூன்றாண்டுக் கடற்கரைக் காவலுக்கெனத் தொலைவிலுள்ள கியூஷூவுக்கு அனுப்பினர். 755ஆம் ஆண்டில் அவ்வாறு சென்றோர் பாடியவற்றைப் படைத்துறை அலுவலராய் இருந்த கவிஞர் ஒதோமோ நோ யகமொச்சி திரட்டினார். மனைவியைப் பிரிந்து வந்த ஒரு காவலன், தன் நாட்டு ட்சுகுபா மலையின் லில்லி மலரோடு அவளை ஒப்பிட்டு, இரவை நினைந்து ஒருமுறையும் பகலை நினைந்து ஒருமுறையும் இச்சொல்லை ஆள்கிறான். அதுவும் தன் நாட்டு வழக்கின் திரிபோடு. அவள் இனியவள் என்கிறானா, நெஞ்சு வலிக்கிறது என்கிறானா? உரைகாரர் அன்பு என்பர். ஆயினும் பிரிந்தவன் வாய்ச்சொல்லில் வலியை எங்ஙனம் விலக்குவது?

இங்கே எழுத்துமுறையும் கருதத்தக்கது. துயருக்கும் அன்புக்கும் சீன எழுத்துகள் வேறு வேறு. அவற்றால் எழுதுவோன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். காவலர் பாடல்களோ பெரும்பாலும் சீன எழுத்துகளின் ஒலியை மட்டும் கொண்டு எழுதப்பட்டவை. அதனால் சொல் பிளவுபடாமல் நின்றது.

ஜப்பானியம்-தமிழ் உறவை ஆராய்ந்தமையால் நம்மவர்க்கு அறிமுகமான சுசுமு ஓனோ (அவ்வுறவுக் கொள்கையை மொழியியலார் பலர் ஏற்கவில்லை என்பது வேறு செய்தி) இச்சொல்லை இயலாமை காட்டும் ஒரு பழவினையோடு இணைத்தார். தன் ஆற்றலுக்கு எட்டாத ஒன்றின் முன் நெஞ்சு படும் நோவே அதன் பொருள் என்றார். பொருந்தும் விளக்கமே. இறந்தவரை மீட்க இயலாமை துயர். நேசிப்பவர்க்கு எவ்வளவு செய்தும் போதாமை அன்பு. ‘இசே மொனொகதாரி’யிலும் ஒரே மகன்மேல் தாய் கொண்ட பாசத்தை இச்சொல்லே சுட்டுகிறது.

பொதுமொழியில் இப்பொருள் மறைந்துவிட்டது. தெற்கே ஒகினாவாவில் அதன் உறவுச் சொல்லாகிய ‘கனசன்’ இன்றும் அன்பையே குறிக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குள்ள பள்ளிகளில் தாய்மொழி பேசிய சிறுவர் கழுத்தில் மரப்பலகை மாட்டினர். அடுத்தவன் அகப்படும்வரை அது அவனுக்கே. 2009இல் யுனெஸ்கோ ஒகினாவா மொழியை அழியும் நிலையிலுள்ளவற்றுள் சேர்த்தது. முதியோர் சிலர் ‘கனசன்’ என்று சொல்லிக் கொஞ்சுகின்றனர். பள்ளியில் பேரப்பிள்ளைகள் கற்கும் ‘கனஷீ’க்குத் துயரம் என்பதே பொருள்.