கணக்கிலிருந்து தானாகப் போகும் பணம்: எப்போது மாற்றுவது, எப்படி நிறுத்துவது

(2004 சுனாமிக்குப் பின் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கான கூட்டத்தில் அப்போது ஆற்றிய உரை)

 



கூடாரத்திலும் தற்காலிகக் கொட்டிலிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு உங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எங்கும் அத்திவாரம் வெட்டும் வேலை நடக்கிறது. வீடு கட்டும் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தப் பணம் உங்களுக்குத் தெரியாமலே வெளியே போய்விடாமல் பார்ப்பது எப்படி என்று இன்று பேசுவோம்.

2004 டிசம்பர் 26க்கு முன் உங்களில் பலர் வங்கியில் ஒரு படிவத்தில் கையொப்பம் வைத்திருப்பீர்கள். மாதந்தோறும் இந்தத் திகதியில், இந்தத் தொகையை, இன்னாருக்கு அனுப்பு என்பது அதன் பொருள். இதை நிலையியற் கட்டளை என்பார்கள். வங்கியில் ‘ஸ்டாண்டிங் ஓடர்’ என்று கேட்டால் புரியும். லீசிங் தவணை, காப்புறுதிக் கட்டணம், பிள்ளையின் சேமிப்புக் கணக்கு, கடன் தவணை எல்லாம் இப்படிப் போவதுண்டு. வீடு போனது, கடை போனது, வங்கிப் புத்தகமும் போனது. ஆனால் நீங்கள் கொடுத்த கட்டளை கடலோடு போகவில்லை. நீங்கள் நிறுத்தும்வரை அல்லது அதில் குறித்த முடிவுத் திகதி வரும்வரை அது இருக்கும்.

பல மாதம் கணக்கில் பணம் இல்லாததால் அது பேசாமல் கிடந்திருக்கலாம். பணம் வந்தவுடன் எழும்பிவிடும். முழுதாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபா என்ற அரச உதவி கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. ஒரு கட்ட வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த கட்டப் பணம். அத்திவாரத்துக்கு வந்த பணத்தில் பழைய தவணைகள் போய்விட்டால் அத்திவாரம் முடியாது, அடுத்த பணமும் வராது. ஆகவே முடியுமானால் வீட்டுப் பணத்துக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். அதில் எந்தக் கட்டளையும் இருக்கக் கூடாது.

முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தேசிய அடையாள அட்டையுடன் உங்கள் கிளைக்குப் போங்கள். ‘என் கணக்கில் என்னென்ன நிலையியற் கட்டளைகள் இருக்கின்றன?’ என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தொகை, திகதி, யாருக்குப் போகிறது, எப்போது முடிகிறது என்ற நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். கடந்த மாதங்களில் பணம் இல்லாமல் கட்டளை தவறியதற்குக் கட்டணம் வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். வெட்டியிருந்தால், சுனாமியால் பாதிக்கப்பட்டதைச் சொல்லி அதைத் தள்ளுபடி செய்யும்படி முகாமையாளரிடம் எழுத்தில் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

திகதியை வருமானத்தோடு பொருத்துங்கள்

பல வீடுகளில் பணம் இல்லை என்பதைவிட, பணம் பிந்தி வருகிறது என்பதே பிரச்சினை. ஓர் ஆசிரியரின் சம்பளம் 25ஆம் திகதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லீசிங் தவணை 4,500 ரூபா 20ஆம் திகதி போக வேண்டும். அன்று கணக்கில் 1,800 ரூபாதான் இருக்கிறது. கட்டளை தவறுகிறது. ஐந்து நாளில் சம்பளம் வந்தும், வங்கிக் கட்டணம் ஒரு பக்கம், தாமதக் கட்டணம் மறுபக்கம். மாதா மாதம் இதே கதை. இவர் கட்டளையை 28ஆம் திகதிக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் லீசிங் கம்பனியிடம் தவணைத் திகதியையும் 28 ஆக்கும்படி கேட்க வேண்டும். வங்கியில் மட்டும் மாற்றினால் தாமதக் கட்டணம் தொடரும்.

சம்பளத்துக்கு மறுநாளே திகதி வைக்காதீர்கள். சனி, ஞாயிறு, போயா வந்தால் கணக்கு மாறிவிடும். மத்திய கிழக்கிலிருந்து மகனோ கணவரோ அனுப்பும் பணத்தை நம்பியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அங்கே வெள்ளி விடுமுறை, இங்கே சனியும் ஞாயிறும். அவர் வியாழன் பின்னேரம் கட்டிய பணம் திங்களோ செவ்வாயோ உங்கள் கையில் சேரலாம். இடையில் நாலைந்து நாள் விட்டுத் திகதி வையுங்கள்.

கடற்றொழில் செய்பவர்களுக்கு வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், தோணி இறங்காது. நல்ல மாதங்களில் ஒரு தவணைப் பணத்தைக் கணக்கில் மேலதிகமாக விட்டு வையுங்கள். வயல் செய்பவர்களுக்கு அறுவடைக்குப் பிறகே கையில் காசு. போகத்துக்கு ஒருமுறை கட்டும் ஒழுங்கு கிடைக்குமா என்று கடன் தந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது

பணம் போதாதபோது முதலில் நிறுத்தக்கூடியது நீங்களாக விரும்பிச் சேமிக்கும் பணம். பிள்ளையின் கணக்குக்குப் போகும் 500 ரூபாவை ஆறு மாதம் நிறுத்தினால் யாரும் உங்கள் வாசலுக்கு வர மாட்டார்கள். நிலைமை சீரானதும் மீண்டும் தொடங்கலாம்.

ஆயுள் காப்புறுதியைப் பேசாமல் நிறுத்தாதீர்கள். சலுகைக் காலம் கடந்தால் ஒப்பந்தம் காலாவதியாகும். எத்தனை நாள் சலுகை, தொகையைக் குறைக்க முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள்.

கடனும் லீசிங்கும் வேறு வகை. கட்டளையை நிறுத்தினால் பணம் போவது நிற்கும், கடன் நிற்காது. வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும். லீசிங் என்றால் முச்சக்கர வண்டியை எடுத்துப் போகலாம். கடலோடு போன பொருளுக்கும் கடன் பாக்கி இருக்கும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: உங்கள் கடனுக்குப் பிணை நின்றவர் அயலவராகவோ உறவினராகவோ இருப்பார். நீங்கள் சொல்லாமல் நிறுத்தினால் கடிதம் அவருக்குப் போகும். முதலில் கடன் தந்தவரிடம் போய், தவணையைக் குறைக்கவோ சில மாதம் ஒத்தி வைக்கவோ கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகே கட்டளையில் கை வையுங்கள்.

கடன் தந்ததும் கணக்கு இருப்பதும் ஒரே வங்கி என்றால், கட்டளையை நிறுத்தினாலும் கடன் ஒப்பந்தத்தின்படி கணக்கிலிருந்து பணத்தை எடுக்கும் உரிமை வங்கிக்கு இருக்கலாம். வீட்டுப் பணத்துக்குத் தனிக் கணக்கை வேறு வங்கியில் வைப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

எப்படி நிறுத்துவது

வாயால் சொன்னது போதாது. கட்டளைத் திகதிக்குக் குறைந்தது ஒரு கிழமைக்கு முன், இப்படி எழுதிக் கொடுங்கள்:

‘முகாமையாளர் அவர்களுக்கு, எனது ……… இலக்கக் கணக்கிலிருந்து மாதந்தோறும் ……ஆம் திகதி ……… என்பவருக்குச் செலுத்தப்படும் ரூபா ……… தொகைக்கான நிலையியற் கட்டளையை ……… மாதம் முதல் நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தியதை எழுத்தில் உறுதிப்படுத்தவும். திகதி, கையொப்பம், அடையாள அட்டை இலக்கம்.’

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கி உங்களிடம் வையுங்கள். கூட்டுக் கணக்கென்றால் மற்றவரின் கையொப்பமும் தேவையா என்று கேளுங்கள். பணம் பெறும் நிறுவனமே உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும் நேரடிப் பற்று என்றால், வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் இருவருக்கும் எழுதுங்கள். அடுத்த மாதம் புத்தகத்தைப் பதிந்து, உண்மையில் நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

இழந்தவர்களின் கணக்கு

கணவரையோ வாப்பாவையோ இழந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அவர் மரணித்த செய்தி வங்கிக்குத் தெரியாவிட்டால் அவருடைய கட்டளைகள் ஓடிக்கொண்டே இருக்கும். மரணச் சான்றிதழின் பிரதியைக் கொடுத்தால் நிறுத்துவார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கும் சான்றிதழ் பெற 2005இல் விசேட சட்டம் வந்திருக்கிறது. கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரியுங்கள். அவருக்குக் கடன் காப்புறுதி இருந்ததா என்றும் வங்கியில் கேளுங்கள். இருந்தால் மீதிக் கடனை அதுவே அடைக்கக்கூடும். அதைக் கேட்டறியும் முன் பழைய கடனுக்குப் புதிதாகக் கையொப்பம் வைக்காதீர்கள்.

நிறுத்தச் சொல்லியும் பணம் போனால், முத்திரையிட்ட பிரதியுடன் முகாமையாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு வராவிட்டால் வங்கியின் தலைமை அலுவலகம், அதற்குப் பின் கொழும்பிலுள்ள நிதி ஒம்புட்ஸ்மன். கையில் கடுதாசி இருந்தால்தான் இந்தப் படிகளில் ஏற முடியும்.

வங்கிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்கள் தொண்டர்களிடம் வாருங்கள். கட்டளைகளைப் பட்டியல் போடவும் கடிதம் எழுதவும் உதவுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். உங்கள் இரகசிய இலக்கத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், எங்களிடமும்தான்.