வெயிலும் வெண்பூச்சும்



கிரிக்கெட் ஆட்டக்காரர் சிலர் மூக்கிலும் உதட்டிலும் வெண்ணிறக் களிம்பு பூசி ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். அக்களிம்பின் உயிர்ப்பொருள் துத்தநாக ஆக்ஸைடு. கடையிலோ, 'இயற்கைத் தாதுப் பூச்சு' என்று ஒன்றையும், 'துத்தநாகப் பூச்சு' என்று மற்றொன்றையும் காட்டுவர். எதனை வாங்குவது?

இவ்வினாவிலேயே ஒரு மயக்கம் உண்டு. துத்தநாக ஆக்ஸைடும் தாதுப்பொருளே அன்றோ? வெயில் காப்புக்குப் பயன்படும் தாதுப்பொருள்கள் இரண்டு. ஒன்று இது, மற்றொன்று டைட்டேனியம் டை ஆக்ஸைடு. இரண்டுமே ஆலையில் தூய்மையாக்கப் பெற்று வருபவை. ஆகவே, 'இயற்கை' என்னும் சொல் பூச்சின் ஆற்றலைக் குறித்து நமக்கு ஒன்றும் உரைப்பதில்லை.

உண்மையான வேறுபாடு யாது? 1801ஆம் ஆண்டில் ரிட்டர் என்ற ஜெர்மானியர் கண்டறிந்த புற ஊதாக் கதிர்களில் இருவகை நம்மை வந்தடைகின்றன. 'பி' கதிர் தோலைச் சுடும். 'ஏ' கதிர் ஆழ ஊடுருவி அதனைத் தளர்த்தும். தோல் புற்றுநோய்க்கு இரண்டுமே காரணமாகலாம். டைட்டேனியம் 'பி' கதிரை நன்கு தடுக்கும். நீண்ட அலையுடைய 'ஏ' கதிரைத் தடுப்பதில் துத்தநாகமே மேம்பட்டது. புட்டியில் காணும் எஸ்.பி.எப். எண்ணோ, பெரும்பாலும் 'பி' கதிரால் தோல் சிவப்பதையே அளவிடுகிறது. எண்ணை மட்டும் நம்புவோர் 'ஏ' கதிரை மறந்துவிடுகின்றனர்.

ஆதலின், துத்தநாக ஆக்ஸைடு உண்டா, இருவகைக் கதிருக்கும் காப்பு உண்டா எனப் படித்துப் பார்த்து வாங்குங்கள். எண் 30க்குக் குறையாதிருக்கட்டும். வெண்மை தெரிகிறதே என்று நாணி மெல்லியதாகப் பூசினால் காப்பும் மெலியும். வெளியில் இருக்கும்போது 2 மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். நிழலையும் குடையையும் கைவிடாதீர்கள். பெயரைக் கண்டு மயங்காது பொருளை ஆராய்வதே கல்வியின் பயன்.