ஏணையும் உத்தியோகமும்



சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், எமது பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவர், தமது முதற் குழந்தையைத் தோளிற் சாய்த்தவாறு எனது அறைக்குள் வந்தார். மகப்பேற்று விடுமுறை முடிய இன்னும் மூன்று கிழமைகளே இருந்தன. அவர் கையில் ஒரு தாள் இருந்தது. விடுமுறையை நீடிக்கும் விண்ணப்பமாக இருக்கும் என எண்ணி வாங்கிப் பார்த்தேன். அது பதவி விலகற் கடிதம்.

"பிள்ளையை ஆரிடம் விட்டுவிட்டு வருவது, ரீச்சர்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கடிதத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். "இரண்டு கிழமை கழித்துக் கேளும், பிள்ளை. அப்போதும் வேண்டுமென்றால் அனுப்பிவிடுகிறேன்" என்றேன். அன்று அவருக்குச் சொன்னவற்றையும், பாடசாலை மணி அடித்தமையாற் சொல்லாது விட்டவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முற்காலத்தில் இக்கேள்வி எழுந்ததில்லை, பெண்கள் வீட்டிலிருந்தே குழந்தைகளை வளர்த்தார்கள் என்று கூறுவோர் உளர். வயலில் நாற்று நட்ட தாயையும், மலையிற் கொழுந்து பறித்த தாயையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. எமது தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைக் காம்பராக்கள் இருந்து வந்துள்ளன. இன்று அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என அழைக்கிறோம். விடியற்காலையிற் குழந்தையை அங்கே ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்குச் சென்ற தாய்மாரின் மக்கள் பலருக்கு நான் பாடம் கற்பித்திருக்கிறேன். அவர்கள் எவ்வகையிலும் குறைந்தவர்களாக வளரவில்லை.

எனது சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 1997 ஆம் ஆண்டில் நான் ஹற்றனுக்கு அண்மையில் ஒரு பாடசாலையில் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்குக் கொழும்பிற் பணி. யாழ்ப்பாணத்துக்கான தரைவழிப் பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. எனது தாயாரை அழைத்துவர வழியிருக்கவில்லை. மகனுக்கு மூன்றரை மாதம் நிறைந்தபோது விடுமுறை முடிந்தது. அவனை அப்பகுதியிலிருந்த பராமரிப்பு நிலையம் ஒன்றிற் சேர்த்தேன். அதன் பெயர் இங்கு வேண்டாம். சுவரெங்கும் யானையும் முயலும் வர்ணத்தில் வரைந்திருந்தார்கள். தரை பளபளத்தது. தொட்டில்களில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். இவற்றைப் பார்த்தே நான் முடிவு செய்தேன்.

முதற் கிழமை மகன் அழுதான். அடுத்த கிழமையில் அழுகை நின்றது. "நல்ல பிள்ளை, அழுவதே இல்லை" என்று அங்கிருந்தோர் புகழ்ந்தார்கள். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. இரண்டு மாதம் சென்றபின், பெருமழை காரணமாகப் பாடசாலையை நேரத்தோடு மூடிய ஒருநாள், முற்பகல் பதினொரு மணிக்கு அங்கு சென்றேன். ஒரே அறையிற் பதினொரு குழந்தைகள். அவர்களுக்கு ஒரேயொரு பெண். நான் முதலிற் குழந்தையை ஒப்படைத்த பெண் அல்லள். அந்த இரண்டு மாதத்தில் வந்த மூன்றாமவள் என்று விசாரித்தபோது அறிந்தேன். தலையணையிற் சாய்த்து வைத்த போத்தலில் மகன் தானாகவே பால் குடித்துக் கொண்டிருந்தான். என்னைக் கண்டு சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கூரையையே பார்த்திருந்தான். அழுதால் எவரும் வரமாட்டார்கள் என்பதைக் கற்றுக்கொண்ட குழந்தையின் அமைதியை நான் நல்ல குணமென்று எண்ணியிருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். பதினொரு குழந்தைகளுக்குப் பாலூட்டவும் துணி மாற்றவும் இரண்டு கைகளால் ஆகுமா?

பின்னர் எமது வாடகை வீட்டுக்குப் பின்புறம் இருந்த ஒரு மூதாட்டியிடம் மகனை விட்டேன். அவர் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் வர்ணம் கிடையாது. அடுப்படியிற் புகையும் உண்டு. முதல் நாள் அவர் என்னிடம் கேட்டார்: "டீச்சரம்மா, புள்ள எப்படித் தூங்கும்? தட்டிக் குடுக்கணுமா, பாடணுமா? பசிச்சா எந்த மாதிரி அழும்?" முந்திய இடத்தில் என்னிடம் கட்டணத்தைப் பற்றிக் கேட்டார்கள், வருகை நேரத்தைப் பற்றிக் கேட்டார்கள். மகனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அந்த வீட்டில் அவன் மூன்று நாள் உரத்து அழுதான். அவர் மூன்று நாளும் அவனை இடுப்பிற் சுமந்து திரிந்தார். அந்த அழுகையைக் கேட்டு நான் மகிழ்ந்தேன் என்றால் நீங்கள் நம்பவேண்டும்.

ஆகவே நிலையங்கள் யாவும் தீயன, அயல்வீடுகள் யாவும் நல்லன என்று நான் கூற வரவில்லை. நாள் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னே குழந்தையைக் கிடத்தி வைக்கும் அயல்வீட்டையும் கண்டிருக்கிறேன். பத்து ஆண்டுகளாக ஒரே பராமரிப்பாளர் பணிபுரியும் நல்ல நிலையத்தையும் கண்டிருக்கிறேன். கட்டடத்தைப் பார்க்குமுன் கைகளைப் பாருங்கள் என்பதே நான் சொல்வது. ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார்? அவர் அங்கு எவ்வளவு காலமாக இருக்கிறார்? இங்கிலாந்திலே இரண்டு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருத்தல் வேண்டும் என்பது விதி. இங்கே அதனை எதிர்பார்த்தல் கடினமெனினும், நான்கு, ஐந்துக்கு மேற்படின் வேறிடம் பாருங்கள். அறிவியாமற் செல்லுங்கள், அதுவும் பாலூட்டும் வேளையிற் செல்லுங்கள். ஊட்டுபவர் குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கிறாரா, உறங்கும் குழந்தையை மல்லாக்கக் கிடத்தியிருக்கிறாரா என்று கவனியுங்கள். தாய் இடைநேரத்தில் வரக்கூடாது என்று விதி வைத்திருந்தால், அவ்விடத்தில் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்க வேண்டியதில்லை.

எமது குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருபவர் அம்மம்மாவோ அப்பம்மாவோதான். அவரிலும் அன்பாகப் பார்ப்பவர் கிடைப்பது அரிது. ஆனால் அவரிடம் யாராவது கேட்டார்களா? அறுபத்தைந்து வயதில் முழங்கால் வருத்தத்தோடு, தவழும் பிள்ளையின் பின்னே எட்டு மணித்தியாலம் திரிவது இலேசான காரியமன்று. "பேரப்பிள்ளையைப் பார்ப்பதும் ஒரு வேலையா?" என்று சொல்லும் மருமக்கள், ஒரு சனிக்கிழமை முழுவதும் தனியே இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இன்னொரு வழியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க இயலாது. வசதியுள்ள வீடுகளிற் குழந்தை பார்ப்பதற்கென மலையகத்திலிருந்து சிறுமியரை அழைத்துச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எனது ஏழாம் வகுப்பில், நன்றாகக் கணக்குச் செய்யும் மாணவி ஒருத்தி ஒரு தவணைக்குப்பின் வரவில்லை. விசாரித்தேன். கொழும்பில் ஓர் உத்தியோகத்தர் வீட்டில் ஏணை ஆட்டுகிறாள் என்றார்கள். எமது நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதை 2021 ஆம் ஆண்டிற் சட்டம் 16 ஆக உயர்த்தியது. சட்டம் வருமுன்னரே படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை மனத்தாற் கெட்டுவிடும் என்று அச்சுறுத்துவோர், ஜோன் போல்பி என்னும் ஆங்கில உளமருத்துவரைத் துணைக்கு அழைப்பதுண்டு. 1951 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்துக்கு அவர் எழுதிய அறிக்கை பெரிதும் ஆராய்ந்தது, தாயை இழந்தும் பிரிந்தும் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் வளர்ந்த குழந்தைகளையே. மாலையில் வீடு திரும்பும் தாயின் பிள்ளையின் நிலை வேறு. அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டு முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பிறர் பராமரிப்பில் இருந்தமை மாத்திரமே தாயோடுள்ள பிணைப்பைக் குலைக்கவில்லை எனக் கண்டார்கள். தாய் குழந்தையின் குறிப்பை அறிந்து நடப்பதே பெரிதாயிருந்தது. ஆனால் அத்தகைய தாய்மை குன்றிய இடத்தில், தரங்குறைந்த பராமரிப்பும் சேர்ந்தபோது பிணைப்புத் தளர்ந்தது.

பாலைப் பற்றியும் இளந் தாய்மார் கலங்குவர். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மாத்திரமே போதும் என்பது மருத்துவர் கூற்று. வேலைக்குச் செல்வதால் அதனை நிறுத்த வேண்டியதில்லை. பாலைக் கறந்து, சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். வெளியில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைத்தலாகாது. வெப்பமான ஊர்களில் அதற்கும் முன்னரே கொடுத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் நான்கு நாள் வரை வைக்கலாம். கறக்கும் முறையை உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார மருத்துவமாது கற்றுத் தருவார். விடுமுறை முடிவதற்கு இரண்டு கிழமை முன்னரே பழகத் தொடங்குங்கள்.

சட்டம் தரும் உரிமையையும் அறிந்து வைத்திருத்தல் நன்று. அரசாங்க உத்தியோகத்திலுள்ள தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்களும், அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், அதற்கும்பின் சம்பளமின்றி 84 நாட்களும் விடுமுறை உண்டு. தொழிற்சாலை, தோட்டத் தொழிலாளருக்குரிய 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட நாளொன்றுக்கு இரு இடைவேளைகள் உண்டு. கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. என்னைப்போன்ற அதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரசூசியை வரைபவர் நாமே. பாலூட்டும் ஆசிரியைக்கு இடைவேளையை அடுத்து ஒரு பாடவேளையை ஓய்வாக விடுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

எமது இளம் ஆசிரியை அரைச் சம்பள விடுமுறையில் ஆறு கிழமை எடுத்தார். அந்த ஆறு கிழமையிலும் நான்கு இடங்களைச் சென்று பார்த்தார். கணவரையும் உடன் அழைத்துச் செல்லும்படி சொல்லியிருந்தேன், அவ்வாறே செய்தார். பாடசாலைக்கு அண்மையில், ஓய்வுபெற்ற மருத்துவிச்சி ஒருவர் இரண்டு குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிறார். அவரிடம் முதல் நாள் தாயும் கூட இருக்க ஒரு மணித்தியாலம், மறுநாள் தனியே ஒரு மணித்தியாலம், பின்னர் அரைநாள் எனப் பிள்ளையைப் பழக்கினார்கள்.

இப்போது ஒவ்வொரு நாளும் இடைவேளை மணி அடித்ததும் அவர் வாயிலைக் கடந்து விரைந்து செல்வதை எனது அறையிலிருந்து காண்கிறேன். அவர் திரும்பும் வரை எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பிப்பது நான். கடிதம் இன்னும் எனது லாச்சியிலேயே இருக்கிறது. அவர் கேட்கவில்லை; நானும் நினைவூட்டவில்லை.